கிம்லெட் சரியாக வரவில்லையா? குறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

கிம்லெட் மூன்றே பொருள்களால் ஆன காக்டெயில்: ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப்பாகு. பொருள்கள் குறைவாக இருப்பதனால் பிழையை மறைத்துக்கொள்ள இதில் இடமே இல்லை. உண்மையில் இதில் நான்காவது பொருள் ஒன்றும் உண்டு. ஷேக்கரில் குலுக்கும்போது பனிக்கட்டி உருகிக் கலக்கும் தண்ணீர்தான் அது. கோப்பையில் வந்து சேரும் பானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்தான் என்றாலும், அளவுக் குறிப்புகள் பெரும்பாலும் அதைப் பொருளாக எண்ணி எழுதுவதில்லை. ஆகவே பானம் கெட்டுவிட்டால் முதலில் ஜின் புட்டியைக் குறை சொல்வதையும், வேறு புட்டி வாங்க நினைப்பதையும் சற்றுத் தள்ளிவைத்துவிட்டுப் பனிக்கட்டியிலிருந்து தேடத் தொடங்குவதே முறை.

பிழையைத் தேடுவதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை வேண்டும். கீழே வரும் விளக்கங்கள் அனைத்தும் பின்வரும் அளவை வைத்தே எழுதப்பட்டுள்ளன: ஜின் 60 மி.லி., அப்போது பிழிந்து வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் சேர்த்துக் கரைத்த பாகு 20 மி.லி. இந்த மூன்றையும் ஷேக்கரில் ஊற்றி, பனிக்கட்டியால் நிரப்பி, 12 முதல் 15 விநாடி வரை வலுவாகக் குலுக்கி, முன்பே குளிரவைத்த கோப்பையில் வடிக்க வேண்டும். எலுமிச்சை என்று இங்கே சொல்வது லைம் எனப்படும் சிறிய பழத்தை. லெமன் எனப்படும் தடித்த தோல் கொண்ட மஞ்சள் பழத்தை அன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், வேறு மொழிக் குறிப்புகளிலிருந்து செய்பவர்கள் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுவதுண்டு. லெமன் சேர்த்தால் பானம் கெட்டுவிடாது. ஆனால் அது கிம்லெட்டாக இராது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சாற்றைக் குறைத்து, பாகைக் கூட்டி, குலுக்கும் நேரத்தையும் நீட்டிய பிறகு பானம் நன்றாக அமைந்துவிட்டால், அது எதனால் அமைந்தது என்று தெரியாமலே போய்விடும்.

பானம் சப்பென்று, தண்ணீர் கலந்ததுபோல் இருக்கிறது

மிகுதியாகக் கேட்கப்படும் குறையும், மிகுதியாகத் தவறான பரிகாரம் செய்யப்படும் குறையும் இதுதான். தண்ணீராகிவிட்டது என்றவுடன் அடுத்த முறை பனிக்கட்டியைக் குறைக்கத் தோன்றும். அப்படிக் குறைத்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

காரணம் எளிது. 1 கிராம் பனிக்கட்டி உருகும்போது தன்னைச் சுற்றியுள்ள திரவத்திலிருந்து ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே 1 கிராம், ஃப்ரீசரில் இருந்த மைனஸ் 18 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு வருவதற்கு 38 ஜூல் அளவே எடுத்துக்கொள்கிறது. அதாவது பானத்தைக் குளிர்விப்பது பனிக்கட்டியின் குளிர்ச்சி என்பதைவிட அது உருகுவதுதான். எவ்வளவு உருகுகிறதோ ஏறக்குறைய அவ்வளவே குளிரும். நிறையப் பனிக்கட்டி இட்டாலும், பானம் உரிய குளிர்ச்சியை அடைந்தவுடன் உருகுவது தானாகவே மந்தப்படும். மிச்சக் கட்டிகள் கட்டிகளாகவே நிற்கும். நாலைந்து கட்டிகளை மட்டும் இட்டால், அவை முழுவதும் உருகித் தீர்ந்த பிறகும் பானம் போதிய அளவு குளிர்ந்திருக்காது. குளிராத நீர்த்த பானம் நாக்குக்கு வெறும் தண்ணீராகவே தெரியும்.

அப்படியானால் உண்மையிலேயே தண்ணீர் மிகுவது எதனால்? பெரும்பாலும் ஈரமான பனிக்கட்டியால். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்த கட்டிகளின் மேல் படிந்திருக்கும் நீர், ஏற்கெனவே உருகிக் குளிர்விக்கும் ஆற்றலைச் செலவழித்துவிட்ட நீர். அது பானத்தைக் குளிர்விக்காமல் நீர்க்க மட்டுமே செய்யும். கட்டிகளைக் கடைசி நிமிடத்தில் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஈரமாகியிருந்தால் முதலில் வெறும் ஷேக்கரில் இட்டு, கீழே தேங்கும் நீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பிறகு மற்றவற்றை ஊற்ற வேண்டும். நொறுங்கிய பனிக்கட்டி வேண்டவே வேண்டாம். அதன் மேற்பரப்பு மிகுதி என்பதால், ஒட்டிவரும் ஈரமும் மிகுதி.

ஐயம் தீர அளந்தே பார்த்துவிடலாம். மேலே சொன்ன அளவில் உள்ளே போவது 100 மி.லி. வடித்த பின் கிடைப்பது 140 முதல் 155 மி.லி. வரை இருந்தால் உருகிய அளவு சரி. 170-ஐத் தாண்டினால் பனிக்கட்டி ஈரம், அல்லது குலுக்கிய பிறகு வடிக்காமல் ஷேக்கரிலேயே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டாவது பிழையை யாரும் ஒப்புக்கொள்வதில்லை; ஆனால் விருந்தினர் இருக்கும்போது இதுவே மிகுதியாக நடக்கிறது.

தொண்டையைச் சுடுகிறது, சாராய நெடி மேலோங்கி நிற்கிறது

இது முந்தைய குறைக்கு நேர் எதிர். வடித்த பானம் 130 மி.லி.க்கும் குறைவாக இருந்தால் போதிய நீர் கலக்கவில்லை என்று பொருள். ஐந்தாறு விநாடி குலுக்கிவிட்டு நிறுத்துவது ஒரு காரணம். ஷேக்கரின் வெளிப்புறத்தில் பனி படர்ந்து, கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சில்லென்று ஆகும்வரை குலுக்க வேண்டும். மதுசாரம் கலந்த திரவம் 0 டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் இறங்கும் என்பதால், நன்றாகக் குலுக்கிய கிம்லெட் மைனஸ் 5 டிகிரியை ஒட்டி நிற்கும்.

இன்னொரு காரணம் சற்று விசித்திரமானது. அக்கறையுள்ளவர்களையே அது பிடிக்கிறது. பானம் நன்றாகக் குளிர வேண்டும் என்பதற்காக ஜின் புட்டியை ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள். 40 விழுக்காடு மதுசாரம் உள்ள ஜின் வீட்டு ஃப்ரீசரில் உறையாது. எண்ணெய்போல் சற்றுக் கெட்டியாகும், அவ்வளவுதான். அத்தகைய ஜின்னை ஊற்றிக் குலுக்கினால், அதைக் குளிர்விக்கப் பனிக்கட்டி உருக வேண்டிய தேவையே பெரிதும் குறைந்துவிடுகிறது. கலக்க வேண்டிய நீரில் 20 மி.லி. அளவுக்குக் குறைந்துபோகலாம். பானம் மிகக் குளிர்ச்சியாகவும் அதே நேரம் சுடுவதாகவும் இருந்தால் இதுவே காரணம். ஜின்னை அறை வெப்பத்திலேயே வைத்திருக்கலாம். ஃப்ரீசரில்தான் வைப்பேன் என்றால், குலுக்கும் முன் 15 முதல் 20 மி.லி. குளிர்ந்த நீரைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜின்னின் வலிமையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நேவி ஸ்ட்ரெங்த் என்று அச்சிட்ட ஜின் 57 விழுக்காட்டை ஒட்டியது. அதில் 60 மி.லி. ஊற்றுவது, 40 விழுக்காடு உள்ள ஜின்னில் 85 மி.லி. ஊற்றுவதற்குச் சமம்.

புளிப்பு பல்லைக் கூசவைக்கிறது

பெரும்பாலும் சாற்றை அளக்காததே காரணம். "அரைப் பழம்", "ஒரு பழம்" என்று கணக்கிட்டால், ஒரு பழத்தில் 15 மி.லி.யும் இன்னொன்றில் 30 மி.லி.யும் கிடைப்பதால், இன்று அமைந்த சுவை நாளை அமையாது. ஜிக்கர் எனப்படும் அளவுக்குவளை இல்லையென்றால் 5 மி.லி. கொள்ளும் அளவுக் கரண்டி போதும். சாறு நான்கு கரண்டி, பாகு நான்கு கரண்டி, ஜின் பன்னிரண்டு.

அளந்தும் புளித்தால் பாகைப் பார்க்க வேண்டும். சம எடையில் கரைத்த பாகு 20 மி.லி.யில் 12 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் சுமார் 6 விழுக்காடு என்று கொண்டால், 20 மி.லி.யில் இருப்பது 1.2 கிராம். பத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில்தான் சமநிலை நிற்கிறது. பாகைக் காய்ச்சும்போது எடைக்குப் பதில் கிண்ணத்தால் அளந்திருந்தால், சர்க்கரைப் பரல்களுக்கு இடையே காற்று இருப்பதால் ஒரு கிண்ணச் சர்க்கரை ஒரு கிண்ணத் தண்ணீரைவிட எடை குறைவாகவே இருக்கும். பாகின் இனிப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

கோப்பையில் ஊற்றிவிட்ட பானத்தைத் திருத்த, பாகை அரைக் கரண்டி வீதம் சேர்த்துக் கலக்கிச் சுவைத்துப் பார்க்கலாம். சர்க்கரையை அப்படியே தூவக் கூடாது. குளிர்ந்த, மதுசாரம் கலந்த திரவத்தில் அது எளிதில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கிவிடும்.

தித்திப்பு திகட்டுகிறது

பாகின் செறிவு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற கெட்டிப்பாகும் பரவலாகப் புழங்குகிறது. அதில் ஒவ்வொரு மி.லி.யிலும் 0.88 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு, சமப்பாகில் 0.61 கிராமே. 20 மி.லி. சமப்பாகுக்கு ஈடாகக் கெட்டிப்பாகு 14 மி.லி. போதும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு குறிப்பின் பாகை இன்னொரு குறிப்பின் அளவில் ஊற்றுவதுதான் திகட்டலுக்கு முதன்மைக் காரணம்.

ஜின்னிலேயே இனிப்பு இருக்கவும் கூடும். ஓல்டு டாம் வகை இயல்பாகவே சற்று இனிப்பூட்டியது. பழச்சுவை சேர்த்த நிற ஜின்கள் பலவும் அப்படியே. லண்டன் டிரை என்பது ஊரைக் குறிப்பதன்று; தயாரிப்பு முறையைக் குறிப்பது. ஐரோப்பிய விதிப்படி அதில் ஒரு லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்க்கக் கூடாது. இனிப்பூட்டிய ஜின்னைப் பயன்படுத்துவோர் பாகை 5 மி.லி. குறைத்துத் தொடங்கலாம்.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. குளிர்ச்சி குறையக் குறைய நாக்கு இனிப்பை மிகுதியாக உணர்கிறது. முதல் மிடறு நன்றாக இருந்து, கால் மணி நேரம் கழித்துப் பாதிக் கோப்பையில் திகட்டினால், அது பாகின் பிழையன்று, கோப்பையின் பிழை. கோப்பையைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுப்பதும், அகன்ற பெரிய கோப்பைக்குப் பதில் சிறியதை எடுப்பதும் இதைத் தீர்த்துவிடும்.

பழைய குறிப்பின்படி சரிபாதி ஊற்றினேன், குடிக்க முடியவில்லை

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கிம்லெட்டின் பழைய வடிவத்தில் புதுச் சாறு இல்லை; கார்டியல் எனப்படும், சர்க்கரை சேர்த்துப் பதப்படுத்திய எலுமிச்சைச் சாறுதான் இருந்தது. மதுசாரம் இல்லாமல் சர்க்கரையைக் கொண்டு எலுமிச்சைச் சாற்றைக் கெடாமல் காக்கும் முறைக்கு லாக்லன் ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில்தான் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஸ்கர்வி நோயைத் தடுக்க மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு தர வேண்டும் என்று சட்டமும் வந்தது. 1930-இல் லண்டன் சவாய் ஓட்டலின் காக்டெயில் குறிப்புகளில் கிம்லெட் என்று காண்பது ஜின் பாதி, கார்டியல் பாதி என்ற அளவே.

ஆகவே சரிபாதி என்று படித்துவிட்டு, புதுச் சாற்றை அந்த அளவில் ஊற்றினால் பானம் தாங்க முடியாத அளவுக்குப் புளிக்கும். கார்டியலை ஊற்றினால் இன்றைய நாக்குக்குப் பாகாகத் திகட்டும். கார்டியலை விரும்புவோர் ஜின் 60 மி.லி.க்குக் கார்டியல் 20 மி.லி.யும் புதுச் சாறு 10 மி.லி.யும் சேர்த்து, தனிப் பாகு ஏதும் சேர்க்காமல் செய்து பார்க்கலாம். என் மதிப்பீட்டில், இருவேறு வடிவங்களையும் கலக்கும் இந்த நடுவழியே சுவையில் முந்தி நிற்கிறது.

கடைசியில் ஒரு கசப்பு நாக்கிலேயே தங்கிவிடுகிறது

எலுமிச்சையைக் கடைசிச் சொட்டுவரை நசுக்கிப் பிழிந்தால் தோலுக்கும் சதைக்கும் இடையே உள்ள வெள்ளைப் பகுதியின் கசப்பும், நசுங்கிய விதையின் கசப்பும் சாற்றில் இறங்கும். பிழிந்து வைத்த சாறும் நேரம் செல்லச் செல்லக் கசப்பேறும். காலையில் பிழிந்ததை மாலையில் பயன்படுத்தலாம். நேற்றுப் பிழிந்தது வேண்டாம். புட்டியில் வரும் பதப்படுத்திய இனிப்பில்லாச் சாறு இந்தப் பானத்துக்கு ஒத்துவராது என்பதை விட்டுக்கொடுக்காமல் சொல்லலாம். மூன்று பொருள்களில் ஒன்று செத்துக்கிடந்தால் மற்ற இரண்டும் அதைத் தூக்கி நிறுத்தாது.

அலங்காரத்துக்குத் தோலைச் சீவும்போது பச்சைப் பகுதியை மட்டும் மெல்லியதாகச் சீவி, கோப்பைக்கு மேல் முறுக்கி எண்ணெயைத் தெறிக்கவிட்டு எறிந்துவிட வேண்டும். தடித்த துண்டைப் பானத்திலேயே ஊறவிட்டால் கசப்பு ஏறிக்கொண்டே போகும். செய்துவிட்ட பானத்தில் மெல்லிய கசப்பு இருந்தால், இரண்டு விரலால் கிள்ளியெடுத்த சில உப்புப் பரல்களைக் கரைத்துப் பாருங்கள். உப்பு உறைக்கும் அளவை எட்டுவதற்கு முன்பே கசப்பை அடக்கிவிடும்.

கசப்பு இல்லை, ஆனால் ஏதோ பழைய வாடை என்றால் பனிக்கட்டியை முகர வேண்டும். ஃப்ரீசரில் மூடாமல் கிடக்கும் கட்டிகள் பக்கத்திலுள்ள உணவின் வாடையை இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டிகளைக் கொட்டிவிட்டுப் புதிதாக உறையவைத்து, மூடிய பெட்டியில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாம் சரி, ஆனால் ஜின்னின் மணமே தெரியவில்லை

ஜின்னை ஜின்னாக்குவது ஜூனிபர் கனியின் பிசின் மணம். புதுப் பாணி ஜின்கள் சிலவற்றில் அது பின்னணிக்குப் போய்ப் பூவும் பழமும் முன்னே நிற்கும். டானிக் எனப்படும் கசப்புச் சோடாவுடன் அவை இனியவை. எலுமிச்சையின் கூர்மைக்கு முன் கரைந்துவிடும். வலிமையும் ஒரு காரணம்: ஐரோப்பிய விதிப்படி ஜின்னுக்குக் குறைந்தபட்ச வலிமை 37.5 விழுக்காடு. அந்த விளிம்பில் நிற்கும் ஜின்னைவிட 43 முதல் 47 விழுக்காடு வரையுள்ள ஜூனிபர் மிகுந்த லண்டன் டிரை, நீர் கலந்த பிறகும் தன் மணத்தைக் காட்டும். ஜின்னைக் குறை சொல்லலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே குறி இதுதான்.

கலங்கலாக இருக்கிறது, நிறம் மாறுகிறது

குலுக்கிய கிம்லெட் கலங்கலாகவே வரும். நுண்ணிய காற்றுக் குமிழ்களும் சாற்றின் நாருமே காரணம். பனித்துகள் மிதப்பது பிடிக்கவில்லையென்றால் ஷேக்கரின் வடிகட்டிக்குக் கீழே தேநீர் வடிகட்டியையும் பிடித்து இரட்டையாக வடிக்கலாம். சங்குப்பூ சேர்த்த நீல ஜின், சாறு பட்டவுடன் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால் பதற வேண்டாம். அந்தப் பூவின் நிறமி அமிலத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஷேக்கர் திறக்க மறுக்கிறது, அல்லது ஒழுகுகிறது

குலுக்கும்போது உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்குவதால் இரு பகுதிகளும் ஒன்றையொன்று இறுக உறிஞ்சிக்கொள்கின்றன. இரண்டு குவளைகள் கொண்ட ஷேக்கரில், அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பக்கத்துக்கும் இடைவெளி விரியும் பக்கத்துக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். மூடியுள்ள ஷேக்கரென்றால் மூடியைச் சூடான ஈரத் துணியால் சற்று நேரம் சுற்றிப் பிடித்துத் திருக வேண்டும். கரண்டியால் நெம்பினால் விளிம்பு வளைந்து, அதன் பிறகு என்றைக்கும் ஒழுகும்.

தொடக்கத்திலேயே ஒழுகினால் அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள். வீட்டு ஷேக்கர்களில் ஒரே நேரத்தில் இரண்டு பானங்களுக்கு மேல் முயலாதிருப்பதே நலம். நான்கை ஒன்றாகக் குலுக்கினால் பனிக்கட்டிக்கு இடமின்றிப் போய், நீர்த்த, குளிராத பானமே நான்கு கிடைக்கும். சோடா போன்ற வாயுவுள்ள எதையும் ஷேக்கருக்குள் ஊற்றக் கூடாது. அது உள்ளே அழுத்தத்தைக் கூட்டி மூடியைத் தள்ளிவிடும்.

முதல் இரண்டும் பிழையென்று தெரிந்தது, மூன்றாவதில் ஒன்றும் புலப்படவில்லை

இது கலவையின் குறையன்று, நாக்கின் குறை. 60 மி.லி. ஜின்னில், 40 விழுக்காடு என்று கொண்டால், 19 கிராம் அளவுக்குத் தூய மதுசாரம் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் ஓர் அலகாகக் கொள்ளும் 10 கிராமுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு கோப்பை குடித்தவர் மூன்றாவதைச் சீர்தூக்கிப் பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார். வண்டியோட்டும் நிலையிலும் இருக்கமாட்டார். பிழை தேடும் நாளில் அளவைக் கால் பங்காக்கி, அதாவது ஜின் 15, சாறு 5, பாகு 5 மி.லி. என்று எடுத்து, சிறு குவளையில் குளிர்ந்த நீர் 12 மி.லி. ஊற்றிக் கலக்கி, ஃப்ரீசரில் நன்றாகக் குளிரவைத்து, ஒரு தேக்கரண்டி மட்டும் சுவைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மாற்றியதை ஒரு தாளில் எழுதிவைத்தால், அடுத்த நாள் தொடரலாம்.